டர்பன் வெயிலுக்குத் தாங்கும் பிபிஎஃப்: ஃபிலிம் தேர்வு முதல் பராமரிப்பு வரை முழு வழிகாட்டி

போன ஜனவரியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் தன் வெள்ளை போலோவைக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, வாங்கும்போது வண்டி முழுக்க ஒரே வெள்ளை. இப்ப பானெட் மட்டும் பழைய பேப்பர் நிறமா ஆயிடுச்சு, வந்து பாரு" என்றார். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கடையில் ஒட்டிய பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்), அதாவது கல்லடியிலிருந்தும் கீறலிலிருந்தும் பெயிண்டைக் காக்க வண்டி மேல் ஒட்டும் ஃபிலிம். ஓரத்தை ஹீட் கன்னால் சூடாக்கி மெதுவாக இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டு வரவேண்டியது, அப்பளம் மாதிரி ஒடிந்து ஒடிந்து வந்தது. பசை முழுவதும் பானெட்டிலேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள். வலது மூலையில், முன்பு எப்போதோ பேனல் பீட்டர் (நசுங்கிய பாகங்களைச் சரிசெய்பவர்) மறுபடி பெயிண்ட் அடித்திருந்த இடத்தில், கிளியர் கோட்டும் (பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு) சேர்ந்து உரிந்துகொண்டு வந்தது. உள்ளங்கை அளவு இருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வேலையில் எனக்கு எட்டு வருடம் ஆகிறது. இந்த மாதிரி வண்டி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. வரும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த பிராண்ட் நல்லது?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: நம் ஊர் வெயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

டர்பனில் கோடையிலும் வெப்பமானி பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உள்நாட்டு வறண்ட ஊரான அப்பிங்டன் பக்கம் 40-ஐத் தாண்டுவது போல இங்கே தாண்டுவது அபூர்வம். அதனால் "நம்ம ஊர் அவ்வளவு சூடு இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிலிமைக் கெடுப்பது காற்றின் சூட்டைவிட புற ஊதாக் கதிர்தான். டிசம்பர், ஜனவரி மதியங்களில் இங்கே புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டிப் போவது சாதாரணம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று குளிர்ந்திருந்தாலும் கதிர் இன்னும் உக்கிரம். நேரடி வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடும். கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதோடு கடல் உப்பும் ஈரமும் சேர்கின்றன. பிளஃபிலோ உம்லாங்காவிலோ கடலைப் பார்த்து வண்டி நிறுத்துபவர்கள் காலையில் கண்ணாடியைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அந்த ஈரம் ஃபிலிமின் ஓரங்களில் புகுந்து பசையை நாள்பட இளக்கும். வடக்குக் கரையில் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தும்போது பறக்கும் சாம்பல். டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலையில் லாரிச் சக்கரங்கள் வீசும் கல். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் இந்தக் கல்லடி இன்னும் அதிகம். வான் ரீனன் கணவாய் வழியாக மாதம் ஒருமுறை போய்வருபவரின் பம்பரைப் பார்த்தால் அம்மை போட்டது போல இருக்கும்.

ஆகவே உங்கள் வண்டிக்கு எது எதிரி என்று முதலில் எழுதிவையுங்கள். வெட்டவெளியில் நாள் முழுக்க நிற்கிறதா, என்3-இல் அதிகம் ஓடுகிறதா, கடற்கரையிலா, கரும்புத் தோட்டத்தின் பக்கத்திலா? எந்தப் பாகத்துக்கு ஒட்டுவது, எதில் காசை மிச்சம் பிடிப்பது என்பதெல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பிபிஎஃப் வண்டியின் உள்ளே குளிர்ச்சி தராது. அது ஜன்னல் ஃபிலிமின் வேலை. செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்காது. அது மைக்ரான் கணக்கில் மெல்லிய பூச்சு. அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், பளபளப்பு தரும், அவ்வளவுதான். கல்லுக்கு ஈடு கொடுக்க தடிமனான, நீண்டு சுருங்கும் ஒரு தோல் வேண்டும்.

இரண்டாம் படி: ஃபிலிம் எதனால் ஆனது என்று கேளுங்கள்

இந்த ஃபிலிமின் பிறப்பே போர்க்களத்தில்தான். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்றன. அதைத் தடுக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் ஃபிலிம் பிறகு பந்தயக் கார்களுக்கு வந்து, அதன்பின் நம் கார்களுக்கு வந்தது. இன்று கடையில் "பிபிஎஃப்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்கிறது.

பிவிசி: சாதாரண பிளாஸ்டிக். மலிவு. அதை மென்மையாக வைத்திருப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர் எண்ணெய். வெயில் பட்டால் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறும். ஃபிலிம் இறுகும், மஞ்சளாகும், ஒடியும். பெரியவரின் போலோவில் இருந்தது இந்த வகைதான் என்று உரிக்கும்போதே கை சொல்லிவிட்டது.

டிபிஎச்: பெயரைப் பார்த்தால் டிபியூவுக்குத் தம்பி போல இருக்கும். உண்மையில் மேம்படுத்திய பிவிசி. ஒட்டிய அன்று அழகாக இருக்கும், விலையும் நடுத்தரம். அதனால்தான் அதிகம் பேர் ஏமாறுவது இதில். நம் வெயிலுக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டிபியூ: தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். நமக்கு வேண்டியது இது. ஆனால் இதற்குள்ளும் இரண்டு ஜாதி உண்டு. அரோமாட்டிக் டிபியூவில் இருக்கும் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் வேதி மாற்றம் அடைந்து மஞ்சள் நிறம் கொடுக்கும். அலிபாட்டிக் டிபியூவில் அந்த வளையங்களே இல்லை, அதனால் நிறம் நிற்கும். கடைக்காரரிடம் "டிபியூவா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், "அலிபாட்டிக் டிபியூவா, எழுத்தில் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் தொழில்நுட்பத் தாள் ஒன்று வெளியிடும். அதில் பொருள், தடிமன், பசை எல்லாம் இருக்கும். அந்தத் தாளைத் தர மறுக்கும் கடையில் டீ கூடக் குடிக்காதீர்கள்.

மேலிருந்து கீழே பார்த்தால் ஒரு நல்ல ஃபிலிமில் மேற்பூச்சு, டிபியூ, பசை என்று மூன்று அடுக்கு. சின்னக் கீறல் தானே மறைவதும் தண்ணீர் உருண்டு ஓடுவதும் மேற்பூச்சின் வேலை. அந்தக் கீறல் மறைவதற்குச் சூடு வேண்டும். நம் ஊரில் வண்டியை வெயிலில் நிறுத்தினாலே போதும், இல்லையென்றால் வெந்நீர் ஊற்றலாம். டிபியூ வரை ஆழமாக வெட்டிய கீறல் எந்த விலை ஃபிலிமிலும் மறையாது.

மூன்றாம் படி: தடிமன்

இதில் நீண்ட பேச்சு வேண்டாம். மில் என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 25 மைக்ரான். பெரும்பாலான நல்ல ஃபிலிம்கள் 6 முதல் 8 மில், அதாவது 150 முதல் 200 மைக்ரான். தொழிற்சாலை பெயிண்டின் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். "10 மில், 12 மில்" என்று கூவுபவர்களிடம், கிழித்தெறியும் அடித்தாளையும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தடிமன் கூடினால் வளைவுகளில் மடித்து ஒட்டுவதும் கஷ்டம். ஊருக்குள் ஓடும் காருக்கு நல்ல 6 மில், மோசமான 10 மில்லைவிட மேல். என்3-இல் ஓயாமல் ஓடும் ஹைலக்ஸ் பக்கிக்கு (பிக்கப் வண்டி) மட்டும் முன்பக்கம் 8 மில் சொல்வேன்.

நான்காம் படி: மாதிரித் துண்டு வாங்கி வெயிலில் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை, பொறுமைதான் செலவு.

நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு ஃபிலிமிலும் உள்ளங்கை அளவில் மூன்று துண்டு கேளுங்கள். எந்தக் கடையிலும் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கூடை நிறையக் கிடக்கும். தர மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஒரு துண்டைக் கையில் பிடித்து இழுங்கள். டிபியூ ரப்பர் போல நீண்டு, விட்டதும் மெதுவாகப் பழைய அளவுக்குத் திரும்பும். பிவிசி வகை இழுத்த இடத்தில் வெளுத்து, சுருங்காமல் தொங்கும். அதே துண்டில் பித்தளைக் கம்பி பிரஷால் லேசாகக் கீறி, கெட்டிலில் கொதித்து இறக்கிய நீரை ஊற்றிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் கண்ணெதிரே மறைய வேண்டும்.

இரண்டாவது துண்டை வெள்ளை அட்டையில் ஒட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வீட்டுக் கூரையிலோ மதில் மேலோ மதிய வெயில் விழும் இடத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம். பிறகு தாளை எடுத்து, மூடிய பாதியையும் மூடாத பாதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மட்டமான ஃபிலிம் இந்தச் சில வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும். கோடையில் செய்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது துண்டு பசைக்கு. ஸ்கிராப் யார்டில் பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஃபெண்டர் ஏதாவது கிடைக்கும். அதில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, அதையும் வெயிலில் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து உரியுங்கள். முழுசாக வருகிறதா, பசை தங்குகிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா? வண்டியில் ஐந்து வருடம் கழித்து நடக்கப்போவதன் முதல் பக்கம் இதில் தெரியும்.

சாட்ஸ்வொர்த் பெரியவர் இதை அப்படியே செய்தார். மூன்று ஃபிலிம், மூன்று அட்டை, பின்னால் பென்சிலில் தேதி. மார்ச் கடைசியில் ஒரு செருப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு அட்டையில் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாவதில் நடுவே கோடு போட்டது போல ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மோர்க்குழம்பு நிறம். கொடுமை என்னவென்றால், அந்த மூன்றாவதற்குத்தான் விற்பவர் "பத்து வருஷ கேரண்டி" சொல்லியிருந்தார்.

இந்தச் சோதனைக்குப் பிறகு பிராண்டைப் பேசலாம். எக்ஸ்பெல், ஈஸ்ட்மன் நிறுவனத்தின் சன்டெக், லூமர், 3எம், எஸ்டெக், பிரான்சின் ஹெக்ஸிஸ் எல்லாம் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவை. ஆனால் ஒரு பிராண்டுக்குள்ளேயே பல தரம் உண்டு. பெட்டியில் இருக்கும் பெயரைவிட ரோலில் இருக்கும் மாடலும் சீரியல் எண்ணும் முக்கியம். போலி ரோல்களும் சந்தையில் ஓடுகின்றன. ரோலின் லேபிளை ஒட்டும் நாளில் உங்கள் கைபேசியில் படம் எடுத்து, அந்த எண்ணை நிறுவனத்திடமோ அதன் அதிகாரபூர்வ இறக்குமதியாளரிடமோ சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: எங்கெல்லாம் ஒட்டுவது

முழு வண்டிக்கும் ஒட்ட வசதி இருந்தால் நல்லது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. முன்பம்பர், முழு பானெட், இரண்டு முன் ஃபெண்டர், சைடு மிரர், ஹெட்லைட், கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதி: இவ்வளவு போதும். கல்லடி கிட்டத்தட்ட எல்லாம் இங்கேதான் விழுகிறது. ஹெட்லைட்டை விட்டுவிடாதீர்கள், அந்த பாலிகார்பனேட் நம் வெயிலில் மங்கி மஞ்சளாவதை ஃபிலிம் நன்றாகவே தள்ளிப்போடும்.

பானெட்டின் முன் கால்பாகத்துக்கு மட்டும் ஒட்டித்தரும் மலிவுத் திட்டம் ஒன்று உண்டு. அதை வாங்காதீர்கள். குறுக்கே ஓடும் அந்த ஓரத்தில் அழுக்கும் மெழுகும் சேர்ந்து கறுப்புக் கோடு விழும். சில வருடத்தில் மூடிய பெயிண்டும் மூடாத பெயிண்டும் வேறு வேறு நிறமாக வெளுத்திருக்கும்.

பக்கி வைத்திருப்பவர்கள் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்சாலையில் முன்சக்கரம் எறியும் கல் நேராக அங்கேதான் வந்து விழும். மேட் பெயிண்ட் வண்டிக்கு மேட் ஃபிலிம்தான். பளபள ஃபிலிம் ஒட்டினால் வண்டியின் முகமே மாறிவிடும்.

ஆறாம் படி: ஒட்டும் கையைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல ஃபிலிமையும் கெட்ட கை கெடுத்துவிடும். இதை என் கையிலிருந்தே சொல்கிறேன். ஆரம்ப காலத்தில், டோங்காட்டில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு கராஜில் ஒட்டப் போனேன். ஆகஸ்ட் மாதம், கரும்பு வெட்டும் காலம். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வடக்குக் கரையில் அறுவடைக்கு முன் தோட்டத்தைக் கொளுத்துவார்கள். கதவை அரையடி திறந்துவைத்திருந்தேன், காற்றுக்காக. பானெட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஃபிலிமை இறக்கும் நேரத்தில் தலைமயிர் போல ஒரு கறுப்புச் சாம்பல் மிதந்து வந்து ஈரத்தில் உட்கார்ந்தது. நான் பார்க்கவில்லை. ஸ்க்வீஜியால் (ரப்பர் துடைப்பான்) தண்ணீரைத் தள்ளி முடித்த பிறகு, ஃபிலிமுக்கு அடியில் ஒரு அங்குல நீளத்தில் கறுப்புக் கோடு. தொட்டால் பொடியாகிப் பரவும் சாமான் அது. முழு பானெட் ஃபிலிமையும் கிழித்துப்போட்டு என் செலவில் புதிதாக ஒட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து மூடிய அறைக்கு வெளியே நான் ஒட்டுவதில்லை.

கடைக்கு நேரில் போய்ப் பாருங்கள். நான்கு பக்கமும் மூடிய, தரை ஈரமாகத் துடைத்த, ஏசி ஓடும் அறை இருக்கிறதா? பேனல் சூடாக இருந்தால் தண்ணீர் ஆவியாகி, ஃபிலிம் நகர்த்தும் முன்பே பிடித்துக்கொள்ளும்; பசையில் கோடு விழும். 20 முதல் 25 டிகிரி சௌகரியம். டிசம்பரில் உங்கள் வீட்டு டிரைவ்வேயில் வந்து ஒட்டித்தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கழுவி, தாரும் இரும்புத் துகளும் எடுத்து, ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் (களிமண் கட்டி) தேய்த்து, தேவைப்பட்டால் பாலிஷ் போட்டு, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்போம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். மியர்பேங்க் போல ஆலைகளுக்கு அருகே நிற்கும் வண்டியில் துகள் எடுக்கும் வேலைக்கே அரை நாள் போகும். அதை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர் அழுக்குக்கு மேல் ஃபிலிம் ஒட்டுகிறார்.

வெட்டுவது எப்படி என்றும் கேளுங்கள். கம்ப்யூட்டர் பிளாட்டரில் (வெட்டும் இயந்திரம்) உங்கள் மாடலுக்கு முன்கூட்டியே வெட்டினால் பெயிண்ட் மேல் பிளேடு படாது. வண்டி மேலேயே கையால் வெட்டுவதும் தேர்ந்த கைக்கு வரும், ஓரங்கள் உள்ளே நன்றாக மடியும். ஆனால் தவறும் பிளேடு கிளியர் கோட்டில் நிரந்தரக் கோடு போடும். எனக்குப் பிடித்தது பிளாட்டரில் சற்றுப் பெரிதாக வெட்டி, ஓரத்தைக் கையால் மடிப்பது. மடித்த ஓரத்தில் கடல் ஈரம் புக இடம் கிடைக்காது.

முக்கியமாக, எந்தப் பேனலிலாவது மறுபெயிண்ட் அடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தடிமன் அளக்கும் கருவி இருக்கும் கடை அதுவே கண்டுபிடிக்கும். புதிதாக அடித்த பெயிண்டுக்குக் குறைந்தது 30 நாளாவது காய நேரம் கொடுங்கள். நான் 60 நாள் கேட்பேன், இங்கே ஈரம் அதிகம். மறுபெயிண்ட் பலமாக இல்லையென்றால் என்றைக்கு உரித்தாலும் அதுவும் வந்துவிடும் என்பதை ஒட்டும் முன்பே சொல்லும் கடை நேர்மையான கடை.

ஏழாம் படி: வாரண்டி, காகிதம், இன்சூரன்ஸ்

வாரண்டியில் மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது, கொப்புளம் எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ஃபிலிமுக்கு மட்டுமா, உரித்து மறுபடி ஒட்டும் கூலியும் சேர்த்தா என்று பாருங்கள். கூலிதான் பெரிய தொகை. பானெட், கூரை போன்ற படுத்த பாகங்களுக்கும் அதே வருடங்கள்தானா என்று கேளுங்கள். கொடுப்பது தயாரிப்பாளரா, கடைக்காரரா? கடை மூடிப்போனால் கடையின் வாரண்டியும் போச்சு. ஃபிலிம், தயாரிப்பு வேலை, ஒட்டும் கூலி மூன்றையும் தனித்தனியாக ராண்டில் எழுதி வாங்குங்கள்.

இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதன் 56-ஆம் பிரிவின்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பி, பழுது நீக்கவோ மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். வேலையில் குறை என்றால் 54-ஆம் பிரிவு. ரசீது இருந்தால்தான் இதையெல்லாம் பேச முடியும், அதனால் "கேஷ் கொடுத்தா வாட் வேண்டாம்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஃபிலிமைத் தனிச் சாதனமாகப் பாலிசியில் சேர்க்காவிட்டால், விபத்துக்குப் பின் பேனலை மாற்றித் தரும்போது ஃபிலிமுக்குக் காசு வராமல் போகலாம்.

எட்டாம் படி: ஒட்டிய பிறகு

முதல் வாரம் கழுவாதீர்கள். அடியில் சின்னத் தண்ணீர்க் குமிழிகளும் லேசான மங்கலும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் ஆவியாகிவிடும். ஈரமான மாதங்களில் இன்னும் கொஞ்சம் ஆகலாம். தூசி, மயிர், காற்றுக் குமிழி மட்டும் தானாகப் போகாது. அதை உடனே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

புது வண்டி பூஜை பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் வண்டி வந்தால் நேரே கோயிலுக்குத்தான் போகும். ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பே பூஜையை முடித்துவிடுங்கள், அதுதான் உத்தமம். ஒட்டிய பிறகு என்றால் மஞ்சளையும் குங்குமத்தையும் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். குருக்கள் யாரும் மறுப்பதில்லை. மஞ்சள் கறை வெயில் பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். சாயம் கலந்த குங்குமம் அப்படியல்ல, மேற்பூச்சில் ஊறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. சாமந்தி மாலையை பானெட்டிலேயே வெயிலில் வாட விடாதீர்கள், அதுவும் கறை போடும்.

ஹடீடா பறவையின் எச்சம் பெரியது, காய்ந்தால் கல். மைனாவினுடையது சின்னது, ஆனால் தினமும். இரண்டையும் அன்றே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். கரும்புச் சாம்பல் விழுந்தால் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு ஷாம்பு. கடற்கரையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிரஷர் வாஷர் முனையைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஓரங்களைக் குறிபார்த்து அடித்தால் எந்தப் பசையும் தாங்காது.

வருடம் ஒருமுறை ஒட்டிய கடைக்கே கொண்டுபோய் ஓரங்களைக் காட்டுங்கள். ஓரம் தொடர்ந்து தூக்கினாலோ, வெள்ளை வண்டியில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தாலோ, மேற்பூச்சில் நுண்வெடிப்பு கண்டாலோ, இன்னும் ஒரு கோடை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் உரித்துவிடுங்கள். நல்ல டிபியூ அந்தக் கட்டத்தில் 50, 60 டிகிரி சூடு காட்டி, பேனலை ஒட்டினாற்போல் தாழ்வாக இழுத்தால் ஒரே தாளாக வரும். அதற்கு மேல் ஒரு கோடை போனால் துண்டு துண்டாகத்தான் வரும்.